கூகையின் மீது நாம் சுமத்தும் பழி

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் குடியிருக்கும் வெள்ளவத்தைத் தொடர்மாடியின் நிர்வாகக் குழுவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் என் கதவைத் தட்டினார். கையில் ஒரு விண்ணப்பம். கீழே பதினெட்டுக் குடும்பத்தினரின் கையொப்பங்கள். எங்கள் கட்டடத்தின் பின்மதிலுக்கு அப்பால், கால்வாய்க் கரையில் நிற்கும் பழைய மாமரத்தைத் தறிப்பதற்கு அனுமதி கோரும் விண்ணப்பம் அது.

"ஏன் தம்பி, மரம் விழப்போகுதோ?" என்று கேட்டேன்.

"இல்லை ஐயா. அதில ஒரு பேராந்தை வந்து குந்தியிருக்குது. இரவிரவா அலறுது. அது வந்த நாளில இருந்து நாலாம் மாடி ஐயாவுக்கு வருத்தம் கூடிப்போச்சு. இரண்டாம் மாடியில ஒரு அம்மா ஆஸ்பத்திரியில. எல்லாரும் பயப்படுகினம்."

நான் உடனே கையொப்பம் இடவில்லை. ஒரு வாரம் அவகாசம் தருமாறு கேட்டுக்கொண்டேன். அந்த இளைஞர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். நாற்பதாண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகையில் எழுதியவன், எதற்கெடுத்தாலும் விசாரணை வைப்பான் என்று நினைத்திருக்கக்கூடும். ஆனால் நான் தயங்கியதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதனைப் பின்னர் சொல்கிறேன்.

அன்று மாலை ஆறு மணிக்குச் சற்று முன்னர், பின்மதில் ஓரமாகக் கதிரையைப் போட்டு அமர்ந்தேன். எங்கள் காவலாளி சிங்களவர். நான் எதற்காக அமர்ந்திருக்கின்றேன் என்று அறிந்ததும் அவர் சிரித்தபடியே, "பகமூணா" என்று மரத்தைக் காட்டினார். முதலில் காகங்களைத்தான் கண்டேன். பத்துப் பதினைந்து காகங்கள் ஒரு கிளையைச் சுற்றிச் சுற்றிப் பறந்து கத்திக்கொண்டிருந்தன. அவற்றின் நடுவே, மரப்பட்டையின் நிறத்திலேயே, ஒரு சிறு பிள்ளையின் பருமனில் அப்பறவை அசையாமல் அமர்ந்திருந்தது. தலையின் இருபுறமும் கொம்புபோலச் சிலிர்த்த இறகுக் குடுமிகள். மஞ்சள் நிறக் கண்கள். பகலில் கூகையைக் காகம் வென்றுவிடும் என்று வள்ளுவர் காலமறிதல் அதிகாரத்தின் முதற்குறளிலேயே சொல்லிவைத்தார் அல்லவா? அந்தக் குறளுக்கு உரை எழுதியவர்கள் பலரை வாசித்திருக்கின்றேன். உரையே தேவைப்படாதவாறு அதனைக் கண்ணெதிரே கண்டது அன்றுதான்.

இருள் கவிந்ததும் காகங்கள் அடங்கின. பறவை ஒரு முறை உடலைச் சிலிர்த்தது. பின்னர் ஆழ்ந்த, அடங்கிய குரலில், பெரிய பானையின் வாயில் ஊதினாற்போல, 'ஹூம்' என மூன்று முறை குரல் கொடுத்தது. கால்வாயின் மறுகரையிலிருந்து, தெகிவளைப் பக்கமாக, அதேபோன்ற இன்னொரு குரல் பதில் சொன்னது. அதன்பின் இறக்கை விரித்துத் தாழ்வாகப் பறந்து, கால்வாய்க் கரையிலிருந்த மின்கம்பத்தில் போய் அமர்ந்து, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது.

பறவையியல் படித்தவன் அல்லன் நான். ஆயினும் ஜீ.எம். ஹென்றி 1955 இல் வெளியிட்ட இலங்கைப் பறவைகள் பற்றிய கைந்நூல் என்னிடம் உண்டு. பறவைகளை அறிந்த நண்பர் ஒருவரிடமும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். எங்கள் விண்ணப்பத்தின் எதிரி, ஆங்கிலத்தில் 'பிரவுன் ஃபிஷ் அவுல்' என அழைக்கப்படும் மீன்பிடி ஆந்தை. தமிழகத்தில் பூமன் ஆந்தை என்பர். நம் பறவை சாவைத் தேடி வந்ததல்ல. மீனைத் தேடி வந்தது.

இப்பறவையைப் பற்றி அறிந்துகொண்ட சிலவற்றை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வது அவசியம் என்று கருதுகின்றேன். ஏனெனில், நாம் அஞ்சுகின்ற ஒன்றைப் பற்றி நாம் எவ்வளவு குறைவாக அறிந்திருக்கிறோம் என்பது எனக்கே வெட்கமாக இருந்தது.

ஆந்தை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஓசையின்றிப் பறக்கும் பறவை. பெரும்பாலான ஆந்தைகளின் இறக்கையில், முன்விளிம்பு இறகுகள் சீப்புப் பற்கள் போன்ற நுண்ணிய ஓரம் கொண்டவை. அவை காற்றைக் கிழிக்கும் ஓசையை அடக்கிவிடும். எலிக்குக் காது கூர்மை. ஆகவே எலியைப் பிடிப்பவன் ஓசை எழுப்பக்கூடாது. மேலும், முகத்தைச் சுற்றியுள்ள வட்டத் தட்டு ஒலியைத் திரட்டிக் காதுக்கு அனுப்பும். களஞ்சியங்களிலும் பாழ்மனைகளிலும் வாழும் வெண்முகக் கூகைக்கு இரு காதுத் துவாரங்களும் ஒரே மட்டத்தில் இல்லை. ஒன்று சற்று மேலே, மற்றையது சற்றுக் கீழே. ஓர் ஒலி இரு காதுகளையும் வந்தடைவதிலுள்ள மிகச் சிறிய வேறுபாட்டைக் கொண்டே, கும்மிருட்டிலும் சருகுக்குள் ஓடும் எலி எங்கே இருக்கிறது என்பதை அது கணித்துவிடும்.

மீன்பிடி ஆந்தையோ இந்த விதிகள் பலவற்றுக்கு விலக்கு. தண்ணீருக்குள் இருக்கும் மீன் மேலே பறப்பவனின் இறக்கையோசையைக் கேட்டு ஓடப்போவதில்லை. அதேபோல, தண்ணீருக்கடியில் இருக்கும் மீனின் ஓசையை மேலே இருப்பவனும் கேட்கப்போவதில்லை. ஆகவே இதன் இறகுகளில் அந்தச் சீப்புப் பற்கள் இல்லை. முகத்தட்டும் அவ்வளவு தெளிவாக அமையவில்லை. செவியைவிடக் கண்ணையே இது நம்புகிறது. மின்கம்பத்திலோ நீரின் மேல் சாய்ந்த கிளையிலோ பாறையிலோ அமர்ந்து, மேற்பரப்புக்கு அருகே மீன் வரும்வரை பொறுமையாகக் காத்திருக்கும். வந்ததும் சரிந்து இறங்கி, உடலை நனைக்காமல், கால்களால் மட்டும் கவ்விக்கொண்டு எழும். சில வேளைகளில் கரையோரத்து ஆழமற்ற நீரில் இறங்கி நடந்தே நண்டும் தவளையும் பிடிக்கும்.

அந்தக் கால்கள்தான் விசேடமானவை. மற்றப் பேராந்தைகளின் கால்கள் விரல்வரை இறகு போர்த்தவை. மீன்பிடி ஆந்தையின் கால்களோ இறகின்றி வெறுமையானவை. நீரில் நனைந்து கனக்கும் காலுறையை எந்த மீனவன் அணிவான்? அதன் உள்ளங்காலில் முட்போன்ற சிறு செதில்கள் உண்டு. வழுக்கும் மீனை நழுவவிடாமல் பிடிப்பதற்கான ஏற்பாடு அது. கடற்பருந்துகள் சிலவற்றுக்கும் இதே ஏற்பாடு உண்டு. தொடர்பற்ற இரு குலங்களுக்கு ஒரே தொழில் ஒரே கருவியைக் கொடுத்திருக்கிறது.

உயரம் ஏறத்தாழ ஐம்பதிலிருந்து அறுபது சென்ரிமீற்றர். நிறை ஒரு கிலோவுக்கு மேல். பெரிய பறவைகள் இரண்டு கிலோவையும் தாண்டும். இலங்கையில் உள்ளவை இந்தியாவில் உள்ளவற்றைவிடச் சற்றுச் சிறியவை, நிறமும் சற்றுக் கருமை என்கிறார்கள். மீனும் நண்டும் தவளையும் முதன்மை உணவு. கிடைத்தால் எலி, பாம்பு, சிறு பறவைகளையும் விடாது. ஒன்று அல்லது இரண்டு முட்டைகளே இடும். ஐந்து வாரமளவில் அடைகாக்கும். குஞ்சு கூட்டைவிட்டுப் பறப்பதற்கு மேலும் ஏழு வாரங்கள் வேண்டும். பெரும்பாலும் தானாகக் கூடு கட்டாது; பெருமரப் பொந்திலோ, பாறை இடுக்கிலோ, பருந்து கைவிட்ட பழைய கூட்டிலோ குடித்தனம் நடத்தும். ஆக, ஒரு முதுமரத்தைத் தறிப்பது, வாடகைக்கு இருப்பவரின் வீட்டை அவர் உள்ளே இருக்கும்போதே இடிப்பதற்குச் சமம்.

அது இரவில் எழுப்பும் குரலின் பொருள் என்ன? 'இது என் நீர்க்கரை' என்று பிற ஆந்தைகளுக்கு விடுக்கும் அறிவித்தல். 'நான் இங்கே இருக்கின்றேன்' என்று துணைக்குச் சொல்லும் செய்தி. எங்கள் தொடர்மாடியில் யாருக்கு என்ன வருத்தம் என்பது அதற்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் அதற்கு இல்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இப்பறவையின் அறிவியற் பெயரிலேயே நமது நாடு இருக்கிறது. 1788 இல் ஜேர்மானிய அறிஞர் க்மெலின் இதற்குப் பெயரிட்டபோது, சிலோனிலிருந்து கிடைத்த விபரங்களைக் கொண்டே 'சைலோனென்சிஸ்' என்று சூட்டினார். மேற்காசியாவிலிருந்து தென்கிழக்காசியா வரை பரந்து வாழும் பறவை ஒன்று, உலகமெங்கும் இலங்கையன் என்ற பெயருடன் வலம் வருகிறது. வெள்ளவத்தையில் மட்டும் அதற்குக் குடியுரிமை இல்லை!

இனி, நான் தயங்கியதற்கான காரணத்தைச் சொல்கிறேன்.

எழுபதுகளின் பிற்பகுதி. கொழும்பில் ஒரு பத்திரிகையில் இளம் உதவி ஆசிரியனாக இருந்தேன். கொட்டாஞ்சேனையில் ஒரு மாடிவீட்டு அறையில் மூவர் சேர்ந்து வாசம். அச்சுக்குப் போகும் பக்கத்தைப் பார்த்துவிட்டு இரவு இரண்டு மணிக்கு நடந்தே அறைக்குத் திரும்புவேன். ஒரு நாள் மாகாணச் செய்திப் பக்கத்தில் நான்கு பத்தி அகலத்துக்கு இடம் வெறுமையாகக் கிடந்தது. வன்னிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எங்கள் செய்தியாளர் அனுப்பிய தபால் கையில் இருந்தது. காட்டோரத்தில் இரவு வேளைகளில் பெண் ஒருத்தி கதறுவதுபோல் ஓசை கேட்பதாகவும், சனங்கள் பயந்திருப்பதாகவும் எழுதியிருந்தார். ஆறு வரிச் செய்தி. நான் அதனை முப்பது வரிகளாக வளர்த்து, 'பேய்ப் பறவை அலறல்: கிராம மக்கள் பீதி' என்று தலைப்பிட்டேன். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த நாள் தேநீர்க் கடையில் அச்செய்தியை ஒருவர் உரத்து வாசிப்பதைக் கேட்டு உள்ளூரப் பெருமைப்பட்டேன்.

இரண்டு வாரங்களின் பின்னர் ஒரு புகைப்படம் வந்தது. இரு இளைஞர்கள் ஒரு பெரும் பறவையின் இறக்கைகளை ஆளுக்கொரு பக்கமாக விரித்துப் பிடித்திருந்தார்கள். தலை தொங்கிக் கிடந்தது. வயிற்றுப்புறத்து வெள்ளை இறகுகளில் இதய வடிவான கரும்புள்ளிகள். விரல்வரை இறகு போர்த்த கால்கள். பக்கவாட்டில் சரிந்து நீண்ட இறகுக் கொம்புகள். 'பேய்ப் பறவை அடித்துக் கொல்லப்பட்டது' என்று அதற்கும் நான்தான் குறிப்பு எழுதினேன்.

அது எந்தப் பறவை என்று பல ஆண்டுகளின் பின்னர்தான் அறிந்தேன். இலங்கையின் ஆந்தைகளில் மிகப் பெரியதான 'ஃபொரஸ்ட் ஈகிள் அவுல்' அது. இன்று அதன் வயிற்றுப் புள்ளிகளைக் கொண்டு பெயர் சொல்கிறார்கள். மீன்பிடி ஆந்தை மீனவன் என்றால், இது வேட்டைக்காரன். அடர்காட்டில் வாழும். இருளில், கிளையில் உறங்கும் காட்டுக்கோழியை அப்படியே பறித்துச் செல்லும். மயிலையும் முயலையும் தூக்கவல்ல உகிர்கள் அதற்கு உண்டு. சருகுமானைக்கூடத் தாக்கும் என்பது பறவை நூல்களில் உள்ள செய்தி. ஆண்டுக்கு ஒரேயொரு முட்டைதான் இடும். நான் எழுதிய தலைப்பினால் அக்காட்டில் எத்தனை ஆண்டுகளுக்கான சந்ததி அழிந்தது என்று கணக்குப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

சிங்கள மக்கள் 'உலமா' என்று அழைக்கும் பேய்ப் பறவையின் கதை இந்தக் குரலோடு இணைந்தது. மனைவி மீது ஐயங்கொண்ட கணவன் குழந்தையைக் கொன்று கறியாக்கி அவளுக்கே பரிமாறினான். கறிக்குள் பிஞ்சு விரலைக் கண்ட தாய் பித்தேறிக் காட்டுக்குள் ஓடினாள். அவளே பறவையாகி இரவெல்லாம் கதறுகிறாள். இது அக்கதையின் ஒரு வடிவம். குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ற், 1861 இல் வெளியிட்ட இலங்கையின் இயற்கை வரலாறு பற்றிய நூலில், குருநாகலில் இக்குரலைக் கேட்ட ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் விபரிப்பைச் சேர்த்திருக்கிறார். கழுத்து நெரிக்கப்படும் சிறுவனின் கதறலுக்கு அந்த அதிகாரி அதனை ஒப்பிட்டார். அப்பறவை எது என்பதில் ஒன்றரை நூற்றாண்டாக வாதம் நடந்தது. காட்டு ஆந்தை என்றனர் சிலர். பருந்து என்றனர் சிலர். பக்கி என்றனர் வேறு சிலர். 2001 இல் கிடைத்த ஒரு பறவையின் பின்னர், இந்த மிகப் பெரிய ஆந்தையே உலமா என்ற கருத்து வலுப்பெற்றது. எழுபதுகளில் என் மேசைக்கு வந்த புகைப்படத்தை நான் ஒரு பறவையியலாளரிடம் காட்டியிருந்தால், அந்த வாதத்துக்கு ஒரு சிறு சான்றாவது சேர்ந்திருக்கும். நான் அதனை அச்சேற்றிவிட்டுக் குப்பையில் போட்டேன்.

ஒரு செய்தியாளனின் குற்றம் எப்போதும் பொய் எழுதுவதில்தான் இருக்கிறது என்றில்லை. கேட்கவேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் விடுவதிலும் இருக்கிறது. 'அந்த ஓசையை எழுப்புவது எது?' என்று நான் கேட்கவில்லை. எங்கள் தொடர்மாடி விண்ணப்பத்தில் கையொப்பமிட்ட பதினெட்டுக் குடும்பத்தினரும் கேட்கவில்லை.

தமிழர்களாகிய நாம் இந்த அச்சத்துக்குப் பழமையைச் சாட்சிக்கு அழைப்பது வழக்கம். 'முன்னோர் சும்மா சொல்லவில்லை' என்பார்கள். முன்னோர் என்ன சொன்னார்கள் என்று பார்ப்போமே. புறநானூற்றில், முதுமரப் பொந்திலிருந்து கூகை குழறும் சுடுகாடு வருகிறது. அதைப் பாடிய புலவருக்கே கூகைக்கோழியார் என்றுதான் பெயர் நிலைத்தது. ஆகவே சாவுக்கும் கூகைக்குமான தொடர்பு பழையது என்பதனை நான் மறுக்கவில்லை. ஆயினும் அத்தொடர்பின் காரணம் வெளிப்படை. சுடுகாட்டு மரத்தை எவரும் தறிப்பதில்லை. எனவே அது முதிர்ந்து பொந்து விடுகிறது. இரவில் அங்கே ஆள்நடமாட்டம் இல்லை. எலிக்கும் பஞ்சமில்லை. கூகை அங்கே குடியேறியது சாவுக்காக அல்ல, மரத்துக்காக.

நற்றிணையின் 83 ஆம் பாட்டோ முற்றிலும் வேறு உலகம். ஊர் வாயிலில், தண்ணீர் உண்ணும் துறையருகே, தெய்வம் உறையும் முதுமரத்தில் வாழும் கூகையைத் தோழி விளித்துப் பேசுகிறாள். அதன் வளைந்த அலகையும் தெளிந்த கண்களையும் கூரிய நகங்களையும் அவள் நன்கு பார்த்திருக்கிறாள். நெய்ச்சோறும் இறைச்சியும் சுட்ட எலியும் தருகிறோம், இரவில் மட்டும் குழறி ஊரை எழுப்பிவிடாதே என்று வேண்டுகிறாள். காதலர் சந்திப்புக்கு இடையூறு வந்துவிடும் என்பதே அவள் கவலை. சாவு பற்றிய பேச்சே அங்கு இல்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஒரு தமிழ்ப்பெண்ணுக்கும் கூகையின் குரல் தொல்லையாகத்தான் இருந்தது. அவள் அதற்கு விருந்து வைக்க முன்வந்தாள். மரத்தைத் தறிக்க மனுப்போடவில்லை. நீர்த்துறை மரத்தில் இருந்த அந்தக் கூகை நமது மீன்பிடி ஆந்தையின் மூதாதையோ என்று எண்ணிப் பார்ப்பதில் எனக்கொரு மகிழ்ச்சி. அது என் கற்பனை மட்டுமே. புலவர் அப்படிச் சொல்லவில்லை.

பஞ்சபட்சி சாத்திரத்தில் வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் என்ற ஐந்தில் ஒன்றாக ஆந்தையை வைத்தவர்களும் நம்மவர்களே. வங்காளத்தில் அது இலட்சுமியின் வாகனம். கிரேக்கரோ அதனை அறிவின் தேவதையான அதீனாவின் தோளில் வைத்தார்கள். ஒரே பறவை, ஊருக்கொரு தீர்ப்பு. இத்தனை தீர்ப்புகளில் எதை ஏற்பது? பறவையையே பார்ப்பதுதான் நேர்மையான வழி.

'ஆனாலும் ஆந்தை அலறிய வீட்டில் சாவு நடந்ததை நானே கண்டிருக்கின்றேன்' என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. நோயாளி இருக்கும் வீட்டில்தான் நள்ளிரவில் ஆட்கள் விழித்திருப்பார்கள். விழித்திருப்பவர் காதில்தான் ஆந்தையின் குரல் விழும். உறங்குபவர் வீட்டருகேயும் அது கூவியது, அவர்கள் கேட்கவில்லை. கேட்டும் எவரும் இறக்காத இரவுகளை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. நினைவுக்கு இருக்கும் இந்த ஓரவஞ்சனையே சகுனங்களின் தாய்.

இன்னொன்றையும் நான் சொல்லியாக வேண்டும். 1983 யூலையில் வெள்ளவத்தை எரிந்தபோது நான் கொழும்பில் இருந்தேன். காலி வீதியில் கடைகள் எரிந்தன. ஒழுங்கைகளில் வீடுகள் எரிந்தன. அதற்கு முதல்நாள் இரவு எந்த ஆந்தை வந்து கூவியது? அதன் பின்னரான கால் நூற்றாண்டில் இந்நகரத் தமிழரின் வீட்டுக் கதவைச் சாவும் காணாமற்போதலும் தட்டிய இரவுகளை எண்ணிப் பாருங்கள். வாகனத்தின் ஓசைக்கும், சப்பாத்துக் காலின் ஓசைக்கும் நாம் நடுங்கினோம். மனிதன் மனிதனுக்குச் செய்தவற்றை எந்தப் பறவையும் முன்கூட்டி அறிவிக்கவில்லை. எந்தப் பறவையும் அவற்றுக்குக் காரணமாகவும் இல்லை. அந்தக் காலத்தைக் கடந்து வந்த ஒரு சமூகம், கால்வாயில் மீன்பிடிக்கும் ஒரு பறவையைச் சாவின் தூதன் என்று சொல்வது எனக்குப் பெரும் வேதனையாக இருக்கிறது. கண்டு அஞ்சவேண்டியவற்றை நாம் கண்டிருக்கிறோம். அவற்றுக்கு இறக்கை இருக்கவில்லை.

கொழும்பு, நீரின் மேல் அமைந்த நகரம் என்பதனை நம்மில் பலர் மறந்துவிட்டோம். வெள்ளவத்தை, கிருலப்பனை, தெகிவளைக் கால்வாய்கள், தியவன்னாவைச் சுற்றியுள்ள சதுப்புகள், வடக்கே கொட்டாஞ்சேனையைத் தாண்டினால் களனி கங்கை கடலோடு கலக்கும் மட்டக்குளி, அதற்கப்பால் முத்துராஜவெல. 2010 நவம்பரில் ஒரே இரவு மழையில் பாராளுமன்றமே வெள்ளத்தில் சூழப்பட்டபோதுதான், நிரப்பப்பட்ட சதுப்புகளின் அருமை ஆட்சியாளருக்கு உறைத்தது. 2018 இல் கொழும்பு, ராம்சர் உடன்படிக்கையின் கீழ் உலகின் முதலாவது ஈரநில நகரங்களுள் ஒன்றாக அங்கீகாரம் பெற்றது. தலைநகர் ஒன்றுக்குக் கிடைத்த அரிய பெருமை அது. அந்தப் பெருமையின் உயிருள்ள சான்றிதழ்தான் எங்கள் மாமரத்தில் வந்து அமர்ந்திருக்கும் பறவை. மீன் இல்லாத நீரில் மீன்பிடி ஆந்தை தங்காது. அழுக்கேறிய நம் கால்வாயில், ஜப்பான் மீன் என்று நாம் அழைக்கும் திலாப்பியாவாவது இன்னும் உயிர்வாழ்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

அதற்கிருக்கும் ஆபத்துகள் உண்மையானவை. கால்வாயில் நாம் கொட்டும் கழிவு, கரைகளில் அருகிவரும் முதுமரங்கள், மின்கம்பிகள், வீட்டுக்கு வீடு வைக்கும் எலிநஞ்சு. நஞ்சுண்ட எலி உடனே சாவதில்லை. தள்ளாடித் திரியும் அந்த எலியை எளிதில் பிடித்துண்ணும் ஆந்தையின் உடலிலும் அந்நஞ்சு சேர்கிறது. மலேசியாவின் செம்பனைத் தோட்டங்களில் எலியை ஒழிக்கக் கூகைகளுக்குப் பெட்டி வைத்து வளர்க்கிறார்கள். நாமோ எலியை வளர்த்துக்கொண்டு ஆந்தையை விரட்டுகிறோம். ஆந்தைகள் நமது வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. அதனைக் கொல்வது பாவமோ இல்லையோ, குற்றம்.

நமது நாட்டில் ஆந்தைகளைப் பற்றி அறிவதற்கு இன்னும் எவ்வளவோ உண்டு. தீபால் வாரகாகொட என்ற பறவையியலாளர் 1995 இல் மழைக்காட்டில் அறிமுகமில்லாத ஒரு குரலைக் கேட்டார். ஆறாண்டுகள் அதனைத் தேடி அலைந்து, 2001 இல் அக்குரலுக்குரிய சிற்றாந்தையைக் கண்டார். 2004 இல் அது உலகுக்கே புதிய இனம் என்று அறிவிக்கப்பட்டது. இருளில் ஒரு குரல் கேட்டால் இருவகையாக நடந்துகொள்ளலாம். அவர் அதனைத் தேடிப் போனார். நான் அதற்குத் தலைப்பிட்டேன்.

ஒரு வாரம் கழித்து நிர்வாகக் குழுக் கூட்டம் நடந்தது. மேலே எழுதியவற்றைச் சுருக்கமாகச் சொன்னேன். சிலர் தலையாட்டினார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். குழந்தைகள் உறக்கம் கெடுகிறது என்று ஒரு தாய் சொன்னார்; அது நியாயமான முறைப்பாடு, அதை நான் மறுக்கவில்லை. அப்போது, யாருடைய வருத்தத்துக்காக இவ்வளவும் தொடங்கியதோ அந்த நாலாம் மாடி ஐயாவின் மகள் எழுந்தார். "நேற்று அப்பாவிட்டைக் கேட்டனான். ஐந்து மாதமா அவருக்கு இரவில நித்திரை இல்லை. 'உது கூவேக்கதான் நான் மட்டும் முழிச்சிருக்கேல்லை எண்டு தெரியுது, அதை விடுங்கோ' எண்டு சொல்லுறார்" என்றார். கூட்டத்தில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

மரத்தைத் தறிப்பதில்லை என்று முடிவாயிற்று. குழந்தைகள் உறங்கும் அறையின் யன்னலை உரசும் ஒரு கிளையை மட்டும் வெட்டுவது. அதுவும் கூடு எதுவும் இல்லை என்று பார்த்த பின்னர். எலிநஞ்சு வைப்பதை நிறுத்திப் பொறி வைப்பது என்பதும் தீர்மானத்தில் சேர்ந்தது. கையொப்பமிட்ட பதினெட்டுப் பேரும் மனம் மாறிவிட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அச்சம் ஒரே கூட்டத்தில் போய்விடுவதில்லை.

இதனை எழுதிக்கொண்டிருக்கும் இவ்வேளையிலும் அது குரல் கொடுக்கிறது. மறுகரைத் துணையும் பதில் சொல்கிறது. உங்கள் ஒழுங்கையில், உங்கள் குளக்கரையில், உங்கள் கோவில் வீதி மரத்தில் இக்குரலைக் கேட்டால், கல்லை எடுக்குமுன் ஒரு கதிரையை எடுத்துப் போய் அமர்ந்து, அரைமணி நேரம் அதனைப் பாருங்கள். அதற்குப் பின்னரும் அது உங்களுக்குச் சாவின் தூதனாகத் தோன்றுமானால் எனக்கு எழுதுங்கள். நானும் கதிரையோடு வருகிறேன்.